பிறந்த நாடு, புகுந்த நாடு

தமிழில் பெண்ணுக்கு மட்டும் இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று பிறந்த வீடு, இன்னொன்று புகுந்த வீடு. ஆணுக்கு இருப்பது ஒரே வீடு. அதற்கு எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. கோத்திரம் பார்க்கும் சமூகங்களில் மணவறையிலேயே பெண்ணின் கோத்திரம் மாறிவிடுகிறது. தாரை வார்த்த நீர் காய்வதற்குள் அவள் வேறொரு குடியைச் சேர்ந்தவளாகிவிடுகிறாள். இதை நாம் நம் ஊர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், மணமான பெண்ணுக்குத் தனி நாடு கிடையாது, கணவனின் நாடுதான் அவளுடைய நாடு என்று நவீன அரசுகளும் நெடுங்காலம் சட்டம் எழுதி வைத்திருந்தன.

இன்று அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெண்கள் பலர் குடியுரிமை நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். சமையலறையில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேள்வி பதில்களை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த நேர்காணலில் ஒரு பெண் தன் பெயரில், தன் வாயால், தனக்காகப் பதில் சொல்கிறாள். அந்த நாற்காலி அவளுக்குக் கிடைத்த வரலாறு அவள் படிக்கும் கேள்வித்தாளில் இல்லை. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

கணவனுக்குள் கரைந்தவள்

அமெரிக்காவின் முதல் குடியுரிமைச் சட்டம் 1790இல் வந்தது. சுதந்திரமான வெள்ளையர்கள் மட்டுமே வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெறலாம் என்றது அது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1870இல், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டார்கள். ஆசியர்களுக்கு இடமில்லை.

1855இல் வந்த இன்னொரு சட்டம், அமெரிக்கக் குடிமகனை மணக்கும் வெளிநாட்டுப் பெண் மணந்ததுமே அமெரிக்கக் குடிமகளாகிவிடுவாள் என்றது. விண்ணப்பமில்லை, தேர்வில்லை, உறுதிமொழியில்லை. கேட்பதற்குச் சலுகைபோல இருக்கும். ஆனால் அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதே இதன் பொருள். அதோடு அவள் வெள்ளையினத்தவளாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது. சட்டப்படி குடியுரிமை பெறத் தகுதியுள்ள பெண்ணுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அந்த நாணயத்தின் மறுபக்கம் 1907இல் தெரிந்தது. வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் கணவனின் நாட்டைச் சேர்ந்தவளாகிவிடுவாள் என்றது அந்த ஆண்டின் சட்டம். அவள் ஊரைவிட்டு ஓரடிகூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை. பிறந்த தெருவிலேயே வாழ்ந்துகொண்டிருந்தாலும் அந்நியர்தான். வெளிநாட்டுப் பெண்ணை மணந்த அமெரிக்க ஆணுக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை.

இதன் வேர் ஆங்கிலேயச் சட்ட மரபில் இருக்கிறது. திருமணத்தோடு பெண்ணின் சட்ட ஆளுமை கணவனின் ஆளுமைக்குள் அடங்கிவிடுகிறது என்ற கோட்பாட்டை அவர்கள் ‘கவர்ச்சர்’ என்றார்கள். மூடுதல், போர்த்துதல் என்று பொருள். மணமான பெண் போர்த்தப்பட்ட பெண். அவள் பெயரில் சொத்து இல்லை, ஒப்பந்தம் இல்லை, வழக்கு இல்லை. நாடு மட்டும் எப்படித் தனியாக இருக்கும்?

இந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்த்தவர் எதெல் மெக்கன்சி. கலிபோர்னியாவில் பிறந்தவர். 1909இல் பிரிட்டிஷ் குடிமகனான ஒரு பாடகரை மணந்து அங்கேயே வாழ்ந்தார். 1911இல் கலிபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அந்தப் போராட்டத்தில் அவரும் பங்கேற்றிருந்தார். 1913இல் சான் பிரான்சிஸ்கோவில் வாக்காளராகப் பதியப் போனபோது, நீங்கள் குடிமகள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. கணவன் மனைவி இருவரும் ஓருருவே என்பது பழமையான கோட்பாடு, விளைவு தெரிந்தும் அவர் விரும்பித் திருமணம் செய்துகொண்டார், ஆகவே குடியுரிமையை அவரே துறந்ததாகும் என்பது தீர்ப்பின் சாரம். திருமணத்துக்குச் சொன்ன சம்மதத்தை நாட்டைத் துறக்கும் சம்மதமாகவும் நீதிபதிகள் படித்துக்கொண்டார்கள்.

முதல் உலகப் போரின்போது இது இன்னும் கடுமையானது. ஜெர்மானியர்களை மணந்திருந்த அமெரிக்கப் பெண்கள் பகை நாட்டவராகக் கருதப்பட்டு 1918இல் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. சொந்த நாட்டில், சொந்த மொழி பேசியபடியே எதிரியாவது எப்படி என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பாதி திறந்த கதவு

1920இல் 19ஆம் சட்டத்திருத்தம் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை தந்தது. வாக்கு இருந்தும் குடியுரிமை கணவனின் சட்டைப்பையில் இருந்தால் என்ன பயன் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. அவர்களுடைய அழுத்தத்தால் 1922 செப்டம்பரில் கேபிள் சட்டம் வந்தது. வெளிநாட்டவரை மணப்பதாலேயே ஒரு பெண் இனி குடியுரிமையை இழக்க மாட்டாள். குடிமகனை மணப்பதாலேயே அதைப் பெறவும் மாட்டாள். அப்படி மணந்த வெளிநாட்டுப் பெண் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் ஐந்தாண்டுக்குப் பதிலாக ஓராண்டு வசித்திருந்தால் போதும் என்றது அச்சட்டம். இன்று குடிமக்களின் வாழ்க்கைத்துணைக்கு உள்ள குறைந்த காத்திருப்புக் காலத்தின் தொடக்கம் இதுதான். மனைவி தானே விண்ணப்பித்து, தானே பதில் சொல்லும் முறையும் இங்கிருந்தே வந்தது.

ஆனால் கதவு பாதிதான் திறந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியரை, அதாவது ஆசியரை, மணந்தால் அவளுடைய குடியுரிமை பழையபடியே பறிபோகும். அப்படிப்பட்டவரின் மனைவியாக இருக்கும்வரை எந்தப் பெண்ணும் புதிதாகக் குடியுரிமை பெறவும் முடியாது. ஆணாதிக்கத்தைத் தளர்த்திய அதே கை நிறவெறியை இறுக்கிக் கட்டியது.

இந்தியர்கள் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைத் திரும்பப் பறிக்க அரசு முனைந்தது.

தீர்ப்பு திண்டோடு நிற்கவில்லை. வங்காளத்திலிருந்து சென்ற விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸ் 1914இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 1924இல் அவரை மணந்த மேரி கீட்டிங் அமெரிக்காவிலேயே பிறந்தவர். கணவர் தகுதியற்ற அந்நியர் என்றானதால், மேரியும் குடிமகள் இல்லை என்றாகிவிட்டது. அவர் பிரிட்டிஷ் பிரஜையும் இல்லை, அமெரிக்கரும் இல்லை. நாடில்லாத பெண்ணாகிவிட்ட தன் நிலையை 1926இல் ‘தி நேஷன்’ இதழில் எழுதினார். இந்தியர்களைப் பற்றிய தீர்ப்பால் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாடிழந்தார் என்றால், அவரை இந்தியராக மாற்றியது தாலிதான், நிறமில்லை.

வைஷ்ணோ தாஸ் பகாயின் குடும்பம் 1915இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. மனைவி கலா, மூன்று மகன்கள். பெர்க்லியில் வாங்கிய வீட்டுக்குக் குடிபோனபோது அக்கம்பக்கத்தார் அவர்களை உள்ளே நுழைய விடவில்லை. பகாய் 1921இல் குடியுரிமை பெற்றார். திண்ட் தீர்ப்புக்குப் பின் அது பறிக்கப்பட்டது. அதோடு சொத்து வைத்திருக்கும் உரிமையும் போனது. இந்தியா போய்வரப் பாஸ்போர்ட்டும் கிடைக்கவில்லை. 1928இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கலா பகாய் மகன்களைத் தனியாக வளர்த்துப் படிக்க வைத்தார். பிற்காலத்தில் அங்கு வந்துசேர்ந்த இந்தியக் குடும்பங்களுக்கு அவரே தாய்வீடு ஆனார். அவரை உள்ளே விடாத அதே பெர்க்லியில் இன்று ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இழந்ததை மீட்டவர்கள்

கேபிள் சட்டத்தின் ஓட்டைகளைப் பெண்கள் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். அவர்களில் ரூத் பிரையன் ஓவன் முக்கியமானவர். புகழ்பெற்ற அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் மகள். 1910இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியை மணந்து குடியுரிமையை இழந்தார். கேபிள் சட்டத்துக்குப் பின் விண்ணப்பித்து 1925இல் திரும்பப் பெற்றார். 1928இல் புளோரிடாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தோற்ற வேட்பாளர், அவர் ஏழாண்டுகள் தொடர்ந்து குடிமகளாக இல்லை, எனவே தேர்தல் செல்லாது என்றார். ரூத் தன் வழக்கைத் தானே வாதாடினார். எந்த அமெரிக்க ஆணும் திருமணத்தால் குடியுரிமையை இழந்ததில்லையே என்ற அவரது கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அவருடைய பதவி நிலைத்தது.

1930, 1931ஆம் ஆண்டுகளில் திருத்தங்கள் வந்தன. ஆசியரை மணந்தால் குடியுரிமை போகும் என்ற விதி 1931இல் ஒழிந்தது. அமெரிக்காவிலேயே பிறந்து, திருமணத்தால் குடியுரிமையை இழந்த சீன வம்சாவளிப் பெண்கள் அதுவரை இனத்தின் பேரால் அதைத் திரும்பப் பெற முடியாமல் இருந்தார்கள். அவர்களுக்கும் வழி பிறந்தது. 1922க்கு முன் இழந்தவர்களில் கணவனை இழந்தவர்களும் மணமுறிவு பெற்றவர்களும் 1936 முதல் உறுதிமொழி எடுத்து உரிமையை மீட்கலாம் என்றானது. மணவாழ்வில் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 1940இல்தான் வந்தது. பிறப்பிலேயே தமக்குரியதாக இருந்ததைப் பெறுவதற்கு அவர்கள் கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

இந்தியர்களுக்கு 1946இல் கதவு திறந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலுள்ள இருவரில் ஒருவர் கிளேர் பூத் லூஸ் என்ற பெண் உறுப்பினர். ஆண்டுக்கு 100 இந்தியர்கள் குடியேறலாம், குடியுரிமையும் பெறலாம். 1952ஆம் ஆண்டுச் சட்டம் இனம், பால், திருமணம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் குடியுரிமை மறுக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதியது. திருமணம் என்ற சொல் அங்கே இடம்பெறுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுக் கால வழக்குகளும் கண்ணீரும் காரணம்.

1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக அமெரிக்க செனட் 2014இல் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஸ்வீடனிலிருந்து வந்தவரை மணந்ததால் குடியுரிமை இழந்த தன் பாட்டியைப் பற்றித் தெரிந்துகொண்ட ஒரு பேரன் எடுத்த முயற்சியின் விளைவு அது. பாட்டி அப்போது உயிரோடில்லை.

நம் வீட்டுக் கணக்கு

இதைப் படித்துவிட்டு அமெரிக்காவைப் பார்த்துச் சிரித்துவிட முடியாது. சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்து இந்திய மாகாணங்களுக்கு வழிகாட்டியது. ஆனால் அது சொத்துள்ள பெண்களுக்கு மட்டும். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், கணவனின் சொத்துத் தகுதியைக் கொண்டு மனைவிக்கு வாக்களித்தது. வயதுவந்த அனைவருக்கும் வாக்கு என்றான பிறகும், முதல் பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே அவர்கள் பதிந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர்கள்.

குடியுரிமையிலும் இதே கதைதான். 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை தந்தை வழியே மட்டும் வந்தது. தாயும் அதை வழங்க முடியும் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1992இல். இன்றும், இந்தியரை மணந்ததால் ஓசிஐ அட்டை பெற்ற வெளிநாட்டவருக்கு, மணமுறிவு ஏற்பட்டால் அந்த அட்டை ரத்தாகலாம்.

மூன்றாண்டு, ஐந்தாண்டு

இன்றைய நிலைக்கு வருவோம். கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டுகள் ஆனவர் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, மூன்றாண்டுகளாகச் சேர்ந்து வாழ்பவர் மூன்றாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். அந்த மூன்றாண்டும் துணைவர் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். ஓராண்டாகத் தொடங்கிய சலுகை 1934இல் மூன்றாண்டாகி, ஆண்களுக்கும் பொதுவாகி, இன்று வரை தொடர்கிறது.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெண்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாண்டு வழி திருமணத்தின் மேல் நிற்கிறது. திருமணப் பதிவுச் சான்று, கணவரின் குடியுரிமைச் சான்று, சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, குழந்தைகளின் பிறப்புச் சான்றுகள் எல்லாம் தேவைப்படும். உறுதிமொழி எடுப்பதற்குள் மணமுறிவு ஏற்பட்டால் அந்த வழி மூடிவிடும். ஐந்தாண்டு நிறையக் காத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு வழி அவளுடைய சொந்தக் காலில் நிற்பது.

எச்-4 விசாவில் சென்ற தமிழ்ப் பெண்கள் பலருக்குக் கணவரின் வேலை வழியாகத்தான் கிரீன் கார்டு வருகிறது. பெரும்பாலும் இருவருக்கும் ஒரே சமயத்தில் கிடைக்கும். அங்கிருந்து எண்ணினால் ஐந்தாண்டு இருவருக்கும் ஒரே நாளில் முடிகிறது. அவர் குடிமகனாகும்வரை இவள் காத்திருக்கத் தேவையே இல்லை. ஆனாலும் பல வீடுகளில் ‘முதலில் அவர், பிறகு பார்க்கலாம்’ என்றே ஆண்டுகள் கழிகின்றன. கட்டணம், நேரம், பிள்ளைகளின் படிப்பு என்று காரணங்கள் இருக்கும். சட்டம் எப்போதோ கைவிட்ட வரிசையை வீடு காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

வன்முறையுள்ள திருமணத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1986இல் வந்த விதிப்படி, குடிமகனை மணந்து இரண்டாண்டு ஆவதற்குள் கிரீன் கார்டு பெறுபவருக்கு நிபந்தனையோடு கூடிய அட்டைதான் கிடைக்கும். நிபந்தனையை நீக்கக் கணவனும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து எத்தனை கைகளில் சாட்டையாக மாறியது என்பதைப் பெண்கள் அமைப்புகள் எடுத்துச் சொன்ன பிறகு, துன்புறுத்தப்பட்டவர் தனியாகவே மனுச் செய்யலாம் என்ற விலக்கு 1990இல் வந்தது. குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ கணவனாக இருந்து கொடுமைக்கு ஆளான மனைவி, அவனுக்குத் தெரியாமலே கிரீன் கார்டுக்குத் தானே மனுச் செய்யலாம் என்ற உரிமையை 1994ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் தந்தது. ‘என் கையெழுத்து இல்லாமல் நீ ஒன்றும் செய்ய முடியாது’ என்று ஒருவன் சொன்னால், அது உண்மையில்லை. இந்த ஒரு வரியை அமெரிக்கா போகும் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லி அனுப்ப வேண்டும்.

மேசைக்கு எதிரே

என்னிடம் இளங்கலை படித்த பெண் ஒருத்தி, இப்போது நியூ ஜெர்சியில் இருப்பவள், நேர்காணலுக்குப் பத்து நாள் முன்பு தொலைபேசியில் அழைத்தாள். “அவரு போன வருஷமே பாஸ் பண்ணிட்டாரு, மேம். நான் போய்ச் சொதப்பிட்டா எவ்வளவு அசிங்கம்” என்றாள். தோல்வியைப் பற்றிய அவளுடைய பயத்தில் குடியுரிமையைவிடக் கணவர்தான் பெரிதாக இருந்தார். முதல் முறை தவறினால், தவறிய பகுதியை மட்டும் 60 முதல் 90 நாட்களுக்குள் மறுபடி எழுதலாம் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நேர்காணலில் என்ன நடக்கும்? அதிகாரி முதலில் உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி வாங்குவார். பிறகு என்-400 படிவத்தை வரிசையாகக் கேட்பார்: முகவரிகள், வேலைகள், பயணங்கள், திருமண விவரங்கள், வரி பாக்கி உண்டா, எங்காவது வாக்களித்தீர்களா. பல வீடுகளில் இந்தப் படிவத்தைக் கணவரே நிரப்பிவிடுகிறார். கையெழுத்து மட்டும்தான் மனைவியுடையது. அங்கேதான் ஆபத்து. எந்தத் தேதியில் ஊருக்குப் போனாய், எந்த முகவரியில் எப்போது இருந்தாய் என்று கேட்கும்போது அறைக்குள் அவர் இருக்க மாட்டார். படிவத்தை அவளே உட்கார்ந்து நிரப்ப வேண்டும். குறைந்தபட்சம் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ‘உறுதிமொழி’, ‘விசுவாசம்’ போன்றவற்றின் ஆங்கிலச் சொற்களுக்குத் தன் வார்த்தையில் பொருள் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும், அதிகாரி கேட்கலாம்.

ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களில் ஒன்றைப் பிழையின்றிப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். குடிமையியல் தேர்வில் முன்பு 100 கேள்விகளிலிருந்து 10 கேட்டு, ஆறுக்குச் சரியான விடை எதிர்பார்த்தார்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகளிலிருந்து 20. அவற்றில் 12 சரியாக இருக்க வேண்டும். 50 வயதைக் கடந்து, கிரீன் கார்டோடு 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களும், 55 வயதைக் கடந்து 15 ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டே ஆங்கிலம் கற்காமல் போன அம்மாக்களுக்கு இது தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்க உறுதிமொழி எடுத்ததும் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். எதெல் மெக்கன்சியைப் போல இதுவும் ஒரு நாட்டை இழப்பதுதான். அவருக்காக நீதிபதிகள் முடிவெடுத்தார்கள். இவள் அந்த முடிவைத் தான் யோசித்து எடுக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். கணவர் எடுத்துவிட்டார் என்பதற்காக இவளும் எடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எந்தச் சட்டமும் இன்று விதிக்கவில்லை.

தேர்வுக் கேள்விகளில் ஒன்று, அனைத்துப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது எப்போது என்பது. எதிர்பார்க்கும் விடை 1920. தேர்வில் அதையே சொல்ல வேண்டும். ஆனால் 1920இல் வெளிநாட்டவரை மணந்திருந்த பெண்ணுக்கு வாக்கில்லை. பூர்வகுடிப் பெண்கள் பலர் 1924 வரை குடிமக்களே இல்லை. தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கு 1965 வரை வாக்குச்சாவடி எட்டாத தூரம். இந்தியப் பெண்களுக்குக் குடியுரிமையே 1946 வரை கிடையாது. ‘அனைத்து’ என்ற சொல்லுக்குள் நுழைய ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வரிசையில் நின்றிருக்கிறாள்.

அதிகாரிக்கு 1920 என்று பதில் சொல்லுங்கள். உங்கள் மகள் கேட்டால் முழுக் கதையையும் சொல்லுங்கள்.